இனாம் வாசல்

இனாமாகக் கிடைப்பதைத் தேடி அலைகிறவர்களை நான் கேலி செய்வதில்லை. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். இன்டர்மீடியட்டோடு நின்றுவிட்ட எனக்குக் காசில்லாமல் புத்தகம் கொடுத்த வாசகசாலையைத் தவிர வேறு சர்வகலாசாலை ஏது? ஆகவே, அமெரிக்காவில் ஒரு கூட்டம் இனாம் 'ஷெல்' கணக்குத் தேடி அலைந்த கதையைக் கேட்டதும் அவர்கள்மீது எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

ஷெல் என்றால் ஓடு. 1969-ல் நியூ ஜெர்ஸியில் பெல் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற ஏற்பாட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். அதிலே யந்திரத்தை ஆட்டி வைக்கும் பகுதிக்குப் பருப்பு என்று பெயர். நாம் தட்டும் கட்டளையை வாங்கி உள்ளே சொல்லும் பகுதிக்கு ஓடு. தேங்காயை உடைத்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விசேஷம் என்னவென்றால், ஒரே யந்திரத்தில் பல பேர் ஒரே சமயத்தில் குடியிருக்கலாம். ஆளுக்கு ஒரு அறை, ஒரு பெயர், ஒரு சாவி.

பெல் கம்பெனி இதை விற்றுப் பணம் பண்ண முடியவில்லை. 1956-ல் சர்க்காருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அது டெலிபோன் தொழிலுக்கு வெளியே கடை விரிக்கக் கூடாது. அதனால் யூனிக்ஸ் சொற்பத் தொகைக்குக் கல்லூரிகளுக்குப் போயிற்று. பையன்கள் இரவு பகலாக அதிலே கிடந்தார்கள். பிறகு பட்டம் வாங்கினார்கள். பட்டம் கையில் வந்ததும் சாவி கையை விட்டுப் போயிற்று! வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடிய சின்னக் கம்ப்யூட்டரில் அந்த நாளில் யூனிக்ஸ் ஓடுவது அபூர்வம். வாசகசாலைச் சீட்டைப் பறிகொடுத்தவன் மாதிரி தவித்துப் போனார்கள்.

1983-ல் மிச்சிகன் மாகாணத்து ஆன் ஆர்பர் நகரில் மைக் மையர்ஸ் என்பவர் 'எம்-நெட்' என்ற யந்திரத்தை வைத்து, ஊராருக்குக் கதவைத் திறந்துவிட்டார். டெலிபோனில் கூப்பிட்டு, மோடம் என்ற கருவி வழியாக உள்ளே போகலாம். இப்படிப் பொதுஜனங்களுக்குத் திறந்த யூனிக்ஸ்களில் இதுவே முதலாவது என்கிறார்கள். மற்ற ஊர்களிலும் இப்படி வாசல்கள் திறந்தன. அவற்றுக்கெல்லாம் 'நிக்ஸ்பப்' என்று ஒரு ஜாபிதா உண்டு. டெலிபோன் எண், ஊர், வேகம், கட்டணம் உண்டா இல்லையா என்று வரிசையாகப் போட்டிருக்கும். இதில் ஒரு வேடிக்கை: அந்த ஜாபிதா பெரும்பாலும் வலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. வாசலைக் கண்டுபிடிக்க, ஏற்கெனவே உள்ளே இருக்கும் சிநேகிதன் ஒருவன் வேண்டும். எண் கிடைத்தாலும் அது சொந்த ஊர் எண்ணாக இருக்க வேண்டும். வெளியூர் டெலிபோன் கட்டணம் இனாமை விழுங்கிவிடும்.

எம்-நெட்டில் பழகியவர்கள் சிலர், ஒரு தனி மனிதர் கையை நம்பி இராமல், 1991-ல் அதே ஊரில் 'கிரெக்ஸ்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். லத்தீனில் மந்தை என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும் இனாமாகச் சேரலாம். சந்தா கட்டுகிறவர்களுக்கு ஓட்டு உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லாம் சுகமாக நடக்கவில்லை. இனாம் வாசலில் திருடனும் வருவான். இங்கே புகுந்து கொண்டு வேறு யந்திரங்களின் பூட்டை உடைக்கப் பார்ப்பான். ஆகவே வெளியே தொடர்பு கொள்ள, இன்னார் என்று நிரூபித்தாக வேண்டும் என்று விதி செய்தார்கள். 1999-ல் மிச்சிகன் சட்டசபை, சிறுவர் கண்ணில் படக் கூடாதவற்றை இணையத்தில் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது குற்றம் என்று சட்டம் போட்டது. வருகிற ஒவ்வொருவரின் வயதையும் கேட்டு நிற்க வைத்தால் திறந்த வாசலுக்கு அர்த்தம் என்ன? இந்தச் சின்ன மந்தை வேறு சிலரோடு சேர்ந்து கவர்னர் மேலேயே வழக்குப் போட்டது. சட்டம் அமலாவதற்கு முன்பே நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது.

கவர்னரை ஜெயித்தவர்களைக் காலம் ஜெயித்துவிட்டது. கிரெக்ஸ் பிறந்த அதே 1991-ல்தான், பின்லாந்தில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை வெளியிட்டார். யூனிக்ஸ் போன்ற ஒன்று அவரவர் வீட்டுக்கே இனாமாக வந்து சேர்ந்தது. அப்புறம் யார் வாசல் தேடுவார்கள்? இருந்தும் கிரெக்ஸ் 2023 வரை தாக்குப் பிடித்து, பிறகு மூடப்பட்டது.

1987-ல் டெக்ஸாஸில் ஜப்பானிய சித்திரப்பட ரசிகர்களுக்காக ஓர் ஆப்பிள் கம்ப்யூட்டரில் தொடங்கிய எஸ்.டி.எஃப். இன்றும் திறந்திருக்கிறது. 'நியூ' என்ற பெயரில் போனால் புதுக் கணக்குத் தருகிறார்கள். முதலில் சில கட்டளைகள்தான். சிறு நன்கொடை அனுப்பினால் மற்றவை.

என் அக்காள் பையன் அங்கே கணக்கு வைத்திருக்கிறான். "உன்னிடம்தான் லினக்ஸ் இருக்கிறதே, அங்கே எதற்கடா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல், முதலில் தன் சொந்த யந்திரத்தில் 'ஹூ' என்று தட்டினான். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டளை அது. அவன் பெயர் ஒன்றுதான் வந்தது.

"இப்போது பாருங்கள், மாமா" என்று சொல்லி அந்தப் பக்கம் போய், அதையே தட்டினான். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.