மூலமும் உரையும்

பழைய புத்தகக் கடைகளில் அட்டைக்கு அட்டை கண்ணில் படும் வாசகம் ஒன்று உண்டு: ‘மூலமும் உரையும்.’ மூலம் ஒருவர் செய்தது. உரை வேறொருவர் எழுதியது. மூலத்தை மறைத்துவிட்டு உரையை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் நம்மில் யாராவது வாங்குவோமா? உரைகாரர் சொல்வது சரியா என்று பார்க்க மூலம் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்போம். இது நமக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம்.

நான் சொல்ல வந்ததும் ஒரு மூலத்தையும் அதன் உரையையும் பற்றித்தான். ஆனால் இங்கே மூலம் செய்யுள் அல்ல, கம்ப்யூட்டருக்கு இட்ட கட்டளைகள். உரையாசிரியர் ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரத்துச் சர்வகலாசாலை ஆசிரியர். அவர் எழுதிய உரை ஏறக்குறைய இருபது வருஷம் கடைக்கு வர முடியாமல், கள்ளப் பிரதிகளாகவே உலகத்தைச் சுற்றி வந்தது.

இந்தக் கதை என்னிடம் வந்து சேர்ந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். என் நாவல் ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்ப, அது கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, கடைசியில் என் கைப்பேசிக்கே வந்துவிட்டது. ‘அருமையான நாவல், அவசியம் படியுங்கள்’ என்று சிபார்சு வேறு! எனக்கு வந்த கோபத்தில் அன்று காப்பிகூட இறங்கவில்லை. என் தங்கை மகன் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருப்பவன். எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

“சிரிக்காதேடா! வயிற்றில் அடிக்கிறார்கள்” என்றேன்.

“கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா. எங்கள் தொழிலில் இந்த வழக்கு உங்கள் நாவலைவிடப் பழையது. ஒரு தடவை முழுக்கக் கேளுங்கள். அப்புறம் யார் திருடன் என்று நீங்களே சொல்லுங்கள்” என்றான்.

கேட்டேன். பிறகு நானே தேடிப் பிடித்துப் படிக்கவும் செய்தேன்.

கம்ப்யூட்டருக்கு வேண்டிய கட்டளைகளை மனிதன் தனக்குப் புரியும் பாஷையில்தான் முதலில் எழுதுகிறான். அதுதான் மூலம். பிறகு அதை யந்திரத்துக்கு மட்டும் புரியும்படி ஒன்றும் பூஜ்யமுமாக மாற்றுகிறார்கள். மாற்றியதை ஓட்டலாம், வாசிக்க முடியாது. பட்சணம் கிடைக்கும், பக்குவம் கிடைக்காது.

ஆரம்ப காலத்தில் பக்குவத்தை யாரும் ஒளிக்கவில்லை. அன்றைய பெரிய யந்திரங்களின் விலை லக்ஷக்கணக்கான டாலர். அதை வாங்கியவருக்குக் கட்டளைகளையும் மூலத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஐ.பி.எம். யந்திரம் வைத்திருந்தவர்கள் 1955-ல் ‘ஷேர்’ என்று ஒரு சங்கம் கூட்டித் தாங்கள் எழுதியதை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கினார்கள். ‘ஷேர்’ என்றால் பகிர்ந்துகொள் என்றே அர்த்தம். 1969 ஜூன் மாதத்தில்தான், கட்டளைகளுக்கு இனித் தனி விலை என்று ஐ.பி.எம். அறிவித்தது.

அதே 1969-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், பெல் தொலைபேசிக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில், கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி என்ற இருவர், அதிகம் பேர் சீந்தாத ஒரு சிறிய யந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு காரியம் தொடங்கினார்கள். அதன் பெயர் யூனிக்ஸ். யந்திரத்துக்குள் எந்த வேலை முன்னே, எந்த வேலை பின்னே என்று நிர்வாகம் செய்யும் கட்டளைத் தொகுதி அது.

அதை அவர்களுடைய கம்பெனி விற்கவில்லை. தருமசிந்தனை என்று நினைத்துவிட வேண்டாம். சர்க்காரோடு நடந்த வழக்கில் 1956-ல் ஏற்பட்ட சமரசத் தீர்ப்பு, தொலைபேசித் தொழிலை விட்டு வேறு வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று அந்தக் கம்பெனியின் கையைக் கட்டியிருந்தது. ஆகவே கேட்ட சர்வகலாசாலைகளுக்கெல்லாம் சொற்பத் தொகைக்கு மூலத்தோடு நாடாவில் பதிந்து அனுப்பிவிட்டார்கள். ‘பழுதானால் நாங்கள் பொறுப்பல்ல’ என்பதுதான் முறை. பழுதை அவரவரே பார்க்க வேண்டியிருந்ததால் அவரவரும் மூலத்தைப் படித்தார்கள். ஒரு தலைமுறையே அப்படிப் படித்துத் தேறியது.

ஸிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் சர்வகலாசாலைக்கும் அந்த நாடா போயிற்று. அங்கே ஆசிரியராக இருந்த ஜான் லயன்ஸ் அதைப் பாடப்புத்தகமாகவே ஆக்கிக்கொண்டார். கம்ப்யூட்டர் சாஸ்திரம் கற்கும் மாணவர்கள், பெரியவர்கள் எழுதிய நல்ல மூலத்தைப் படிக்காமலே எழுதப் பழகுவது அவருக்குப் பிடிக்கவில்லை. யூனிக்ஸின் ஆறாவது பதிப்பில் நடுநாயகமான பகுதி ஏறக்குறைய 9,000 வரி. ஒரு மனிதன் முழுக்கப் படித்து முழுக்கப் புரிந்துகொள்ளக்கூடிய அளவு. 1976, 1977 வருஷங்களில் அந்த மூலத்தை ஒரு புத்தகமாகவும், வரி எண் சொல்லிச் சொல்லி எழுதிய உரையை இன்னொரு புத்தகமாகவும் தயாரித்தார்.

அந்த மூலத்திலே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு வேலையை நிறுத்தி வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்துக்கொள்ளும் சிக்கலான இடத்தில், ‘இது உங்களுக்கு விளங்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை’ என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். அகம்பாவம் என்று பலரும் நினைத்தார்கள். ‘இது பரீட்சையில் வராது என்ற அர்த்தத்தில்தான் எழுதினேன், உண்மையில் அந்த இடம் எங்களுக்கே அப்போது சரியாக விளங்கவில்லை’ என்று பிற்காலத்தில் ரிச்சி ஒப்புக்கொண்டார். மூலம் திறந்து கிடந்ததால் அல்லவா இந்த உண்மை வெளிவந்தது? பூட்டி வைத்திருந்தால் அறியாமையும் மேதாவிலாசமாகவே கணக்கில் சேர்ந்திருக்கும்.

1979-ல் ஏழாவது பதிப்பு வந்தது. அதன் உரிமை ஒப்பந்தத்தில் புதிய ஷரத்து ஒன்றும் வந்தது: மூலத்தை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. கம்பெனியின் பக்கத்தில் சட்ட நியாயம் இருந்தது. வியாபார ரகசியம் என்று ஒன்றைப் பாதுகாக்க வேண்டுமானால் அதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிய பிறகு அது எப்படி ரகசியம் ஆகும்? 1984-ல் பெல் கம்பெனி துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டபோது கையில் இருந்த பழைய கட்டும் அவிழ்ந்தது. யூனிக்ஸ் முறையாக விலைக்கு வந்தது.

லயன்ஸின் உரைக்கு அச்சக வாசல் அடைபட்டது. அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். உரிமை பெற்ற இடங்களில் இருந்த பிரதிகளை இரவோடு இரவாக யந்திரத்தில் நகல் எடுத்தார்கள். நகலுக்கு நகல், அந்த நகலுக்கும் நகல். எழுத்து மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு, நாடு நாடாகப் போயிற்று. அந்தச் சாஸ்திரத்திலேயே மிக அதிகமாக நகல் எடுக்கப்பட்ட புத்தகம் அதுதான் என்று பெயர். 1996-ல், அப்போது யூனிக்ஸ் உரிமையை வைத்திருந்த கம்பெனி சம்மதம் கொடுக்க, புத்தகம் முறைப்படி வெளிவந்தது. லயன்ஸ் அதற்குள் உடல்நலம் குன்றி ஓய்வு பெற்றிருந்தார். 1998 டிசம்பரில் காலமானார்.

தடை என்ன சாதித்தது? ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர், மாணவர்களுக்குக் காட்ட மூலம் இல்லையே என்று, யூனிக்ஸைப் போலவே நடக்கும் மினிக்ஸ் என்பதைத் தாமே எழுதி, 1987-ல் பாடப்புத்தகத்தோடு வெளியிட்டார். அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களில் ஒருவர் பின்லாந்தில் ஹெல்ஸிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்டில், இருபத்தொரு வயதில், ‘பொழுதுபோக்காக ஒன்று செய்கிறேன், பெரிதாக எதுவும் வராது’ என்ற தோரணையில் அவர் அறிவித்ததுதான் லினக்ஸ். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் ஐந்நூறு பெரிய கம்ப்யூட்டர்களும் அதில்தான் ஓடுகின்றன. நம்மில் பலருடைய கைப்பேசிக்குள்ளும் அதுவே இருக்கிறது. கம்பெனி மூடிய கதவுதான் பக்கத்தில் ஒரு புதிய வீடு எழுவதற்கே காரணமாயிற்று.

“பார்த்தீர்களா மாமா! திருடர்கள்தானே ஜயித்தார்கள்?” என்று கேட்டான் மருமகன்.

அங்கேதான் நான் அவனை மடக்கினேன். 1976-ல், லயன்ஸ் மூலத்தைத் தொகுத்துக்கொண்டிருந்த அதே வருஷத்தில், பில் கேட்ஸ் என்ற இருபது வயது இளைஞர் கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ‘எங்கள் பேஸிக்கைப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம், விலை கொடுத்து வாங்கியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை, எங்களுக்கு மணிக்கு இரண்டு டாலர் கூலிகூடத் தேறவில்லை, நீங்கள் செய்வது திருட்டு’ என்பது அதன் சாரம். அவர் பிற்பாடு கோடீசுவரர் ஆனதை நினைத்து அந்தக் கடிதத்தைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். எழுதிப் பிழைக்கிறவன் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுத நினைத்த கடிதமே அது.

திறந்து வைத்தவர்கள் கதையிலும் பட்டினி உண்டு. வங்கிக் கணக்கு முதல் கடிதம் வரை வலைவழியே பத்திரமாகப் போகக் காவல் செய்யும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற பொதுச் சொத்தில் 2014 ஏப்ரலில் பெரிய ஓட்டை கண்டுபிடித்தார்கள். உலகமே அலறியது. விசாரித்தால், உலகமே நம்பியிருந்த அதற்கு முழுநேர ஊழியர் ஒருவர்தான்; நன்கொடை வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர். பொதுக்கிணற்றில் தண்ணீர் இறைக்க ஊரே வந்தது, தூர் வார ஆளைக் காணோம்.

இங்கிலீஷ்காரர்களுக்கு ஒரு சங்கடம். சுதந்திரம், இலவசம் இரண்டுக்கும் ‘ப்ரீ’ என்ற ஒரே சொல்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் தம் இயக்கத்தைத் தொடங்கிய நாள் முதல், ‘நான் சொல்வது சுதந்திரம், இலவசம் அல்ல’ என்று விளக்கிச் சலிக்க வேண்டியிருந்தது. நமக்கோ இரண்டு சொல் இருக்கிறது, ஆனாலும் குழப்பிக்கொள்கிறோம்.

1949-ல் சென்னை சர்க்கார் பாரதியார் நூல்களின் உரிமையைப் பெற்றதிலிருந்து, ஒரு நூல் தனியுடைமை அல்லது நாட்டுடைமை என்ற இரண்டு நிலைதான் நமக்குப் பழக்கம். ஸ்டால்மன் மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடித்தார். பதிப்புரிமையை விட்டுவிடாமல், அதையே ஆயுதமாக வைத்துக்கொண்டு, ‘எடுத்துக்கொள், திருத்து, விற்கவும் செய், ஆனால் வாங்குகிறவனுக்கு மூலத்தையும் இதே உரிமையையும் கொடு’ என்று 1989-ல் ஒரு ஷரத்து எழுதினார். லினக்ஸ் 1992-ல் அந்த ஷரத்தின் கீழ் வந்தது. அதை விநியோகித்து வளர்ந்த ரெட் ஹாட் கம்பெனியை 2019-ல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? அன்று தனி விலை என்று அறிவித்த அதே ஐ.பி.எம்.! 2023-ல் ரெட் ஹாட், தன் முக்கியச் சரக்கின் மூலத்தை இனி வாடிக்கைக்காரர்களுக்குத்தான் தருவோம் என்றது. பழைய கதவு மறுபடியும் கிறீச்சிடுகிறது.

என் தீர்ப்பு இதுதான். உழைத்தவன் கூலி கேட்பதில் தவறில்லை. ஆனால் கூலிக்காக மூலத்தையே மறைத்து, ‘படிக்காதே’ என்று மாணவனைத் தடுப்பது வேறு காரியம். லயன்ஸ் பணமா கேட்டார்? பாடம் நடத்த அனுமதிதானே கேட்டார்! என் நாவலில் மறைவு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரியும் திறந்தே கிடக்கிறது. நான் கேட்பது கூலி மட்டும்.

இதைச் சொன்னதும் மருமகன் வாயை மூடிக்கொண்டு என் கைப்பேசியை வாங்கிப் புரட்டினான். “மாமா, இதில் இரண்டு பக்கம் விட்டுப் போயிருக்கிறதே!” என்றான்.

பார்த்தேன். கதாநாயகி ஊரை விட்டுப் புறப்படும் இடம்! அந்த இரண்டு பக்கம் இல்லாமல் நாவலைப் படித்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? அன்றிரவே அவ்விரண்டு பக்கங்களையும் படம் பிடித்து, எனக்கு அனுப்பியவருக்கே அனுப்பினேன். கூடவே ஒரு வரி: ‘விட்டுப்போன பக்கங்கள் இவை. முழுப் புத்தகமும் கடையில் கிடைக்கும். இப்படிக்கு, எழுதியவன்.’

மறுநாள் பதில் வந்தது. எந்தக் கடை என்று கேட்டிருந்தார்.