கழுத்தில் தொங்கும் சிறு கத்தி: வாங்கும் முன் அறிய வேண்டியவை

இணையச் சந்தையில் 'நெக் நைஃப்' என்று தேடினால் வரிசையாகப் படங்கள் வருகின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கத்தி, அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சங்கிலி. 'அன்றாடப் பயன்பாட்டுக்கும் தற்காப்புக்கும்' என்று பக்கத்திலேயே விளம்பரம். இரவு ஷிப்ட் முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்களும், வழிப்பறிச் செய்திகளைப் படித்துப் படித்துப் பயந்துபோன இளைஞர்களும் இதை வாங்க நினைப்பதில் வியப்பில்லை. ஆனால், அந்த விளம்பரம் ஒரே மூச்சில் சொல்லும் இரண்டு பயன்களும் மலேசியச் சட்டத்தின் முன் ஒன்றல்ல.

எது கழுத்துக் கத்தி?

இது மடக்குக் கத்தி அன்று. அலகு கைப்பிடியோடு நிலையாக இருக்கும். பெரும்பாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். கைப்பிடி கீழ்நோக்கி இருக்கும்படி தலைகீழாகத் தொங்குவதால், உறைதான் கத்தியை இறுகப் பிடித்திருக்க வேண்டும். முகாம், மீன்பிடி, மலையேற்றம் போகிறவர்கள் கயிறு அறுக்கவும் பொட்டலம் பிரிக்கவும் சட்டென்று கைக்கு எட்டும் கருவி என்பதால் இதை விரும்புகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருட்கள் மற்றும் அபாயகர ஆயுதங்கள் சட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தாக்குவதற்குப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும் அதன்படி அபாயகர ஆயுதமாகலாம். அலகு இத்தனை சென்டிமீட்டருக்குள் இருந்தால் பரவாயில்லை என்ற விலக்கு அதில் இல்லை. சிறியது, எடை குறைந்தது என்பதெல்லாம் காப்பாற்றாது.

சட்டப்படியான அனுமதியோ சட்டப்படியான நோக்கமோ இல்லாமல் பொது இடத்தில் இத்தகைய ஆயுதத்தை வைத்திருப்பது செக்‌ஷன் 6(1)இன் கீழ்க் குற்றம். தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை, அதோடு பிரம்படி. யாரையும் குத்தியிருக்க வேண்டியதில்லை; உறையிலிருந்து உருவியிருக்கவும் வேண்டியதில்லை.

இங்கே 'நோக்கம்' என்ற சொல்தான் முக்கியம். காலையில் பெரட்டு முடிந்து நிரைக்குப் போகும் தொழிலாளியின் பால்வெட்டுக் கத்தி அவருடைய தொழில் கருவி. செம்பனை வெட்டுபவரின் அரிவாளும் அப்படித்தான். அதே கத்தி இரவு பதினொரு மணிக்குப் பட்டணத்து உணவுக்கடை வாசலில், மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் இருந்தால் போலீஸ் காரணம் கேட்கும். சட்டைக்குள் மறைந்து தொங்கும் கத்திக்குக் காரணம் சொல்வது இன்னும் கடினம். 'பயமாக இருந்தது, அதனால் வைத்திருந்தேன்' என்ற பதில் ஏற்கப்படும் என்று நம்பி வெளியே போவது, ஐந்தாண்டுச் சிறையைப் பணயம் வைக்கும் சூதாட்டம்.

தற்காத்துக்கொள்ளும் உரிமை இல்லையா?

உண்டு. குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான செக்‌ஷன்கள் அதைப் பற்றியவைதாம். ஆனால் செக்‌ஷன் 99 எல்லை வகுக்கிறது: தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது; அதிகாரிகளின் உதவியை நாட நேரமிருந்தால் அந்த உரிமை இல்லை. தாக்குதல் நடக்கும் நேரத்தில் உயிரைக் காத்துக்கொள்வது வேறு. தாக்குதல் வரலாம் என்று ஆயுதத்தோடு நடமாடுவது வேறு. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனைத் துரத்திக் குத்தினால், பறிகொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம்.

சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் இந்தக் கத்தி நல்ல காவல் அன்று. விரல் நீள அலகைப் பயன்படுத்த எதிராளியின் கைக்கெட்டும் தூரத்துக்குப் போக வேண்டும். பதற்றத்தில் கை நழுவினால் வெட்டுவது நம் விரலை. கழுத்திலுள்ள கயிற்றை எதிராளி பிடித்து இழுத்தால் அதுவே சுருக்கு. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால் நெஞ்செலும்புக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது அந்தக் கத்திதான்.

வேலைக்காக வாங்குவதானால்

தோட்டம், மீன்பிடி, முகாம் என்று உண்மையான வேலை இருந்தால் இவற்றைப் பாருங்கள்:

உறை: கத்தியை உறைக்குள் செருகி, மேசையில் துண்டு விரித்து, அதன்மேல் தலைகீழாகப் பிடித்து வேகமாக உதறுங்கள். நழுவினால் வாங்காதீர்கள்.

சங்கிலி: பலமாக இழுத்தால் தானாகக் கழன்றுவிட வேண்டும். அறாத நைலான் கயிறு கழுத்துக்கு ஆகாது.

எஃகு: நம் வெயிலிலும் வியர்வையிலும் கார்பன் எஃகு விரைவில் துருப்பிடிக்கும். பெயர்பெற்ற 'இசூலா' 1095 கார்பன் எஃகில் வருவது. அலகுக்குப் பூச்சு இருந்தாலும் கூர்முனையில் எண்ணெய் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். சுவீடனின் 'மோரா எல்ட்ரிஸ்' துருப்பிடிக்காத எஃகு. மீன் வேலைக்கு இரண்டாவது வகையே தொல்லை இல்லாதது.

கைப்பிடி: எடையைக் குறைக்கக் கைப்பிடியைத் தகடுபோல் மெலிதாக்கி, நடுவில் துளையும் போட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடம் வேலை செய்தால் விரல் வலிக்கும். குறைந்தது மூன்று விரல் நன்றாகப் பதிய வேண்டும்.

வாங்கியபின் வேலை நடக்கும் இடத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். போகும்போதும் வரும்போதும் கழற்றி, தூண்டிலோடோ முகாம் சாமான்களோடோ பைக்குள் வையுங்கள். கோயில் திருவிழா, பள்ளி, இரவுச் சந்தை, ரயில் நிலையம் எதற்கும் அணிந்து போகாதீர்கள். விமானப் பயணத்தில் கைப்பையில் வைக்கக்கூடாது.

பயத்துக்கு என்ன மருந்து?

வழிப்பறி பயம் பொய்யன்று. அதற்கு உதவுவன எளியவை: பையைச் சாலைப் பக்கம் இல்லாத தோளில் மாட்டுவது, பறித்தால் விட்டுவிடுவது, விசில் அல்லது முள்ளை இழுத்தால் அலறும் கைக்கடக்கமான அலாரத்தைச் சாவிக்கொத்தோடு வைத்திருப்பது, விடியுமுன் நிரைக்குப் போகும்போது தலைவிளக்கும் ஒரு துணையும், வீட்டுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புவது, ஆபத்தில் 999.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படியொரு பொட்டலத்தை வாங்கியிருந்தால் திட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: 'எதற்குப் பயப்படுகிறாய்?' பதில் பள்ளியில் அடிக்கும் பையனாக இருக்கலாம், விளக்கில்லாத சந்தாக இருக்கலாம். அதைத் தீர்க்கப் பெற்றோரால், பள்ளியால், குடியிருப்போர் சங்கத்தால் முடியும். கழுத்தில் தொங்கும் கத்தியால் முடியாது.