காலி டப்பாக்களின் காலம்

பழைய சாமான்களில் அலங்காரப் பொருள் செய்ய இப்போது பயிற்சி வகுப்பு நடக்கிறது. கட்டணம் உண்டு. ஏதோ நேற்று வந்த கலை என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

நம் வீட்டுக் கூடத்தைப் பார்த்தே அது எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. ஒவ்வொரு காலத்துக்கும் அதற்கென்று ஒரு குப்பை. டால்டா 1937-ல் கடைக்கு வந்தது. பிறகு அந்த மஞ்சள் தகர டப்பா, அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டதும் ரோஜாத் தொட்டி ஆனது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணிபிளான்ட். ஃபியூஸ் போன பல்புக்கு அலகு ஒட்டினால் குருவி. கல்யாணப் பத்திரிகையை மணி மணியாகச் சுருட்டிக் கோத்தால் வாசல் திரை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் கொலுவுக்குப் போகும். (அதற்காகவே மாமாவை யாரும் கண்டிக்கவில்லையோ என்னவோ!)

இவற்றுக்கெல்லாம் மூத்தது காகிதக் கூழ். பழைய பேப்பரைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைப்பார்கள். வெந்தயம்தான் பசை. கவிழ்த்த குடத்தின் மேல் அப்பி, வெயிலில் காயவைத்து, மெதுவாகக் கழற்றினால் கூடை. அதன்மேல் வண்ணம் பூசி, பூக்கொடி வரைவார்கள். அரிசியோ பருப்போ போட்டுவைக்கலாம். கை வலிக்கிற வேலை. இந்த வகுப்புகளில் அது இருக்காது.

இன்று தகரம் போய்ப் பிளாஸ்டிக், பாட்டில் போய்ப் பாக்கெட். 2015-ல் உஜாலா திட்டம் வந்து வீட்டுக்கு வீடு எல்.இ.டி. ஆனபின் குருவிக்கும் வழியில்லை. காலியானதும் மிஞ்சுவது கசங்கிய உறைதான்.

எங்கள் வீட்டில் இன்னொரு குப்பையும் சேர்ந்தது. அறுபதுகளில் பெரியப்பாவுக்குக் காசநோய். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடக் கம்பவுண்டர் தினம் வீட்டுக்கே வருவார். ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பிகள். பெரியம்மா ஒவ்வொன்றையும் வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்துவைத்தாள். நாற்பதுக்கு மேல் சேர்ந்தன. பெரியப்பா பிழைக்கவில்லை.

அந்த வருஷம் கொலு இல்லை. அடுத்த வருஷம் அம்மா படி கட்டினாள். பெரியம்மா முன்னால் வரவில்லை. கீழே பார்க் மட்டும் போட்டாள். கண்ணாடித் துண்டுக் குளம், முளைவிட்ட கடுகுப் புல். குளத்தைச் சுற்றி அந்தக் குப்பிகள், சாயத் தண்ணீர் நிரப்பி. அகல் வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையுமாய் மின்னின.

“சீக்காளி மருந்து சீசாவையா சாமிகிட்ட வைக்கிறது?” என்றாள் பாட்டி. பெரியம்மா பதில் சொல்லவில்லை, எடுக்கவுமில்லை. சிக்கனக்காரி என்று வந்தவர்கள் மெச்சிவிட்டுப் போனார்கள். சிக்கனம் என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

கொலு முடிந்ததும் தண்ணீரைக் கொட்டி, ஒவ்வொன்றாகத் துடைத்து, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும்.