எலிப்டிகல் இயந்திரம்: முழங்காலை அதிரவைக்காத நடை

பசறையிலோ நமுனுகுலவிலோ மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் போய் உடற்பயிற்சி செய்யச் சொன்னால் சிரிப்பார். நியாயம்தான். நான் எழுதுவது, அந்தச் சரிவுகளில் முழங்கால் தேய்ந்து, இப்போது பிள்ளைகளோடு பதுளை நகரில் இருக்கும் அம்மாக்களுக்கு. சீனி வருத்தத்துக்கு “நடவுங்கள்” என்று கிளினிக்கில் சொல்லிவிடுகிறார்கள். ஊவாவில் சமதரைக்கு எங்கே போவது? 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், போரில் காலில் காயப்பட்டவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

ஜிம்மில் இருக்கும் எலிப்டிகல் இவர்களுக்கு உதவும். அமெரிக்காவின் பிரிகோர் நிறுவனம் 1995இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிதிக்கும்போது பாதம் பலகையை விட்டு எழுவதில்லை. அதனால் காலடி தரையில் மோதும் அதிர்ச்சி முழங்காலுக்கு ஏறாது.

விழுவது பெரும்பாலும் ஏறி இறங்கும்போதுதான். அசையாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தாழ்வாக இருக்கும் பலகையில் முதலில் கால் வையுங்கள். அடுத்த காலை வைத்ததும் பலகை நகரும், பயப்பட வேண்டாம். இறங்கும்போது முழுதாக நின்ற பிறகே காலை எடுக்க வேண்டும். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

முழங்கால் சற்று மடிந்திருக்கட்டும். கைப்பிடியில் சாய்ந்து தொங்காதீர்கள். முதல் வாரம் குறைந்த இறுக்கத்தில் 5 நிமிடம் போதும், பிறகு மெல்லக் கூட்டலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது: அதுவே மிதமான வேகம். பிரசர் மாத்திரைகள் சில இதயத்துடிப்பைக் குறைப்பதால், திரையில் தெரியும் துடிப்பை மட்டும் பார்த்து வேகத்தைக் கூட்டாதீர்கள். கலோரிக் கணக்கை நான் பார்ப்பதேயில்லை, அது பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும்.

உடலில் செல் துண்டு இருப்பவர்களும் செயற்கைக் கால் அணிந்தவர்களும் இயன்மருத்துவரிடம் கேட்ட பிறகே ஏற வேண்டும். செயற்கைக் கால் பலகையை உணராது, கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்களுக்கும் அப்படியே. முடித்ததும் சப்பாத்தைக் கழற்றி, கொப்புளமோ சிவப்போ இருக்கிறதா என்று பாருங்கள். சீனி இறங்கினால் சாப்பிட ஒரு டொபி கையில் இருக்கட்டும்.

நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி உட்காருங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.