தாம்பரத்துத் தையற்கூடங்கள்

தாம்பரம் சானடோரியம் இரயில் நிலையத்தில் காலை வேளையில் நின்றால், பெண்கள் கூட்டங்கூட்டமாக இறங்கி விரைவதைக் காணலாம். அவர்களுள் பலர் செல்லுமிடம், அருகே 1984-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஏற்றுமதி வளாகம். அங்குத் தைக்கப்படும் உடைகள் கடல் கடந்து செல்கின்றன.

இவ்வேலை அவர்களுக்கு நன்மையா, தீமையா? பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தையற்பொறி முன் அமர்ந்த என் பழைய மாணவி ஒருத்தியைக் கேட்டேன். "தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தது இந்தச் சம்பளந்தான், ஐயா. ஆனால் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கவே பயம், எழுந்து போனால் கணக்குக் குறையும்" என்றாள். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்போரை நான் நம்புவதில்லை.

பழைய கதையைப் பாருங்கள். பஞ்சாலையில் ஆடவர் நாளொன்றுக்கு 12 மணிக்கு மேல் உழைக்கலாகாது என்றது 1911-ஆம் ஆண்டுச் சட்டம். அதுவே அந்நாளில் பெரிய சலுகை! பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் படும் துன்பங்கண்டு 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. வாடியாவும் திரு. வி. க.வும் அதற்குத் துணைநின்றனர். 1934-ஆம் ஆண்டுச் சட்டம் 10 மணி என்றது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் 9 மணி என்றது. நேரம் குறைந்ததனால் ஆலைகள் ஓடிப்போய்விடவில்லை.

2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுக்கவே, அதைத் திரும்பப் பெறுவதாக மே முதல் நாளில் அறிவிப்பு வந்தது. அச்சட்டம் நிலைத்திருந்தால், மறைமலைநகரிலிருந்து வருகிறவள் எப்போது சமைத்து எப்போது உறங்குவாள் என்று அம்மாணவி என்னைக் கேட்டாள்.