பதுளை வாக்குச்சீட்டின் கதை

1940இல் பதுளை வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனோடு கலந்தாலோசித்தே தோட்டம் நடத்த துரையும் இணங்கினார். பின்பலமாக நின்றது லங்கா சமசமாஜக் கட்சி. அப்போது தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்த அலையைப் பொலிஸ் அடக்கிவிட்டது. ஆனால் ஏழே வருடத்தில் லயத்து மனிதரின் கையில் நாடாளுமன்றத்துக்கான வாக்குச்சீட்டு இருந்தது.

1947இல் அது பதுளைத் தொகுதியிலிருந்து எஸ்.எம். சுப்பையாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அவரது கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டில் 7 இடங்களை வென்றது. வேறு தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. அதுவே வினையாயிற்று. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதன் பின்வந்த தேர்தல் திருத்தமும் சீட்டைப் பறித்தன. 1952இல் காங்கிரசுக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை.

பறித்தபோது இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தார்கள். அது அவர்கள் வரலாற்றின் நல்ல பக்கம். அடுத்த பக்கம் வேறு. 1964 ஜூனில் சமசமாஜிகள் பிரதமர் சிறிமாவோவின் அரசில் சேர்ந்தார்கள். ஒக்டோபரில் அதே அரசு இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தபோது, எங்கே இருக்க விருப்பம் என்று லயத்தில் யாரும் கேட்கவில்லை. பின்னர் எழுந்த இன்னோர் இடதுசாரிக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து அரசியல் வகுப்புகளிலோ தோட்டத் தமிழர் இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவியாகவே பேசப்பட்டனர்.

1988, 2003 சட்டங்கள் வழியே குடியுரிமையும் சீட்டும் திரும்பின. 2023இல் தேசிய மக்கள் சக்தி ஹட்டனில் வெளியிட்ட பிரகடனம் மலையகத் தமிழர் என்ற அடையாளத்தை ஏற்றது. அந்தச் சக்தியின் முதுகெலும்பு மக்கள் விடுதலை முன்னணிதான். 2024 நவம்பர் தேர்தலில் அந்தச் சக்தியின் பட்டியலிலிருந்தே பதுளை மாவட்டம் அம்பிகா சாமுவேலையும் கிட்ணன் செல்வராஜையும் தெரிவு செய்தது.

‘தொழிலாளி என்று வா, தமிழன் என்பதை வாசலில் விட்டுவிட்டு வா’ என்று அழைத்த இடதுசாரிக்கு, வேலைநிறுத்தத்துக்கு ஆள் கிடைத்தது. ஆனால் மலையகத் தமிழர் வாக்கை இழந்தது கொழுந்து பறித்ததற்காக அல்ல. இந்திய வம்சாவளியினர் என்பதற்காக. அந்தக் காயத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளாமல் வர்க்க ஒற்றுமை பேசினால், ஆட்சியில் பங்கு கிடைக்கும் நாளில் அது கைநழுவும். 1964 அதைக் காட்டியது. அடையாளத்தை மட்டும் நம்பிய அரசியலும் தனியே நின்று சீட்டைக் காக்க முடியவில்லை. 1952 அதைக் காட்டியது. இப்போது வென்றவர்களுக்கான சோதனை காணி உறுதி. வாக்குள்ள பல குடும்பங்கள் இன்னும் கம்பனியின் லயத்தில்தான் குடியிருக்கின்றன.