மூன்று அண்ணன்மாரும் ஒரு மேசையும்

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். "மழைக்கு ஒதுங்கிய குகைக்குள் ஏதோ உறுமுகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். பந்தம் கொளுத்துவதா, பின்வாங்குவதா என்பது ஆடுபவரின் முடிவு. அது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கூத்தை இழுத்துக்கொண்டு போவதுபோல நடத்துபவர் கதையைக் கொண்டுபோவார். ஆனால் கதை எங்கே முடியும் என்று அவருக்கே தெரியாது. ஏற்காட்டுப் பக்கத்துக் கொட்டச்சேட்டு மலைக்கு இப்படி ஒரு விளையாட்டு பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு இந்த விளையாட்டு பிறந்த கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆரம்பத்தில் இது போர் விளையாட்டாக இருந்தது. பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்தி, ஒருவருக்கு ஒரு சேனை என்று ஆடினார்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரத்தில் டேவ் ஆர்னெசன் 1971 வாக்கில் 'பிளாக்மூர்' என்ற ஆட்டத்தைத் தொடங்கி, ஒருவருக்கு ஒரு மனிதன் என்று மாற்றினார். விஸ்கான்சினில் கேரி கைகாக்ஸ் அவரோடு சேர்ந்து விதிகளை எழுதினார். 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூன்று சிறு நூல்களாக ஒரு பெட்டியில் வந்தது. முதல் பதிப்பு 1000 பெட்டிகள். அதில் விதிகள் ஏராளம், உலகம் மிகக் கொஞ்சம்.

உலகம் மறு ஆண்டே வந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருதும் தெற்காசிய இயலும் கற்பித்த எம்.ஏ.ஆர். பார்க்கர், சிறுவயதிலிருந்தே 'டெக்குமெல்' என்ற கற்பனை உலகத்தை வளர்த்துவந்தார். அவர் இந்தியாவுக்கு வந்து தங்கியவர். உருது பாடநூலும் அமெரிக்கப் பழங்குடி மொழியான கிளாமத்துக்கு இலக்கணமும் எழுதியவர். டெக்குமெலின் மக்களுக்கு மொழி, எழுத்து, கோயில், குலம், வரிசைமரியாதை எல்லாம் விளையாட்டுக்கு முன்பே அவரிடம் தயாராக இருந்தன. ஐரோப்பியக் கோட்டைகளும் குள்ளர்களும் அங்கே இல்லை. இந்தியாவின் சாயலும் மாயா நாகரிகத்தின் சாயலும்தான் இருந்தன. 1975இல் 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' என்று அது வெளியானது. ஆர்னெசனே பார்க்கரின் மேசையில் உட்கார்ந்து ஆடியவர்.

அந்த விளையாட்டின் தொடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆடுபவர்கள் எல்லாரும் படகில் ஜக்கல்லா என்ற துறைமுகத்துக்கு வந்து இறங்கும் அந்நியர்கள். ஊர் வழக்கம் தெரியாது. யாரை எப்படி அழைப்பது, எந்தத் தெருவில் நடக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். உலகத்தைப் பற்றி ஆடுபவருக்கு இருக்கும் அறியாமையைப் பாத்திரத்தின் அறியாமையாகவே பார்க்கர் ஆக்கிவிட்டார். ஓர் உலகம் மேசைக்குத் தகுதியாவது இப்படித்தான். அதில் பெயரில்லாத ஒருவன் வந்து நிற்க இடம் இருக்க வேண்டும்.

இந்தப் பாராட்டோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1991இல் புனைபெயரில் வெளியான, நாஜிகளை உயர்த்திப்பிடிக்கும் ஒரு நாவலை எழுதியவர் பார்க்கர்தான் என்பதை டெக்குமெல் அறக்கட்டளை 2022இல் ஒப்புக்கொண்டது. அவர் 2012இலேயே இறந்துவிட்டார். பிற மக்களின் பண்பாட்டை அவ்வளவு நுணுக்கமாகக் கற்ற ஒருவரின் மனதில் அந்த வெறுப்பும் குடியிருந்தது என்பது என்னை வெகுவாகத் துயரப்படுத்துகிறது. உலகத்தைக் கட்டும் திறமை ஒன்று, அந்த உலகத்து மனிதர்களை மதிப்பது வேறொன்று.

அதே 2022 ஜூலையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வரிசையில் 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' வந்தது. இதன் பிறப்பில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இதை முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர் அஜித் ஜார்ஜ். கிருஷ்ணகிரி மாவட்டம் பாலிகானபள்ளியில், மிக வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அவருடைய தந்தை ஆபிரகாம் ஜார்ஜ் 1997இல் தொடங்கிய சாந்தி பவன் உறைவிடப் பள்ளியில் பொறுப்பேற்று உழைத்தவர். இந்தியச் சாயலுள்ள 'களகேரி' என்ற நிலத்தை 2021இலேயே இந்த விளையாட்டுக்கு அவர் எழுதியிருந்தார்.

புதிய நூலுக்கு அவரும் எஃப். வெஸ்லி ஷ்னைடரும் எடுத்த முடிவு எளிமையானது. வெள்ளையரல்லாத எழுத்தாளர்களே முழுதாக எழுதுவது, அவரவர் தம் மக்களின் கதைமரபிலிருந்து எழுதுவது. பதின்மூன்று சாகசங்கள். மெக்சிகோ, கொரியா, ஈரான், பிலிப்பைன்ஸ் என்று அவற்றின் வேர்கள் விரிகின்றன. கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல் வங்கத்து ஆறுகளின் நினைவோடு 'சங்கபூமி'யை எழுதினார். இந்த நிலங்களை எல்லாம் இணைக்கும் நகரம்தான் அந்தச் சிட்டாடல். பார்க்கரின் உலகத்தில் ஆடுபவர் வெளியிலிருந்து வந்து இறங்கினார். இங்கே வீட்டுக்காரரே வாசலுக்கு வந்து வரவேற்கிறார். ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கலை வந்து சேர்ந்த மிக நல்ல இடம் இதுதான் என்பேன்.

அந்தப் பதின்மூன்றில் தமிழ்நிலம் இல்லை. எந்தத் தமிழ் உலகத்தை மேசைக்குக் கொண்டுவரலாம் என்றால் பலரும் முதலில் 'பொன்னியின் செல்வன்' என்பார்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் கல்கி எழுதியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக ஒரு பெயர், அவ்வளவுதான் அதன் நாயகன் வந்தியத்தேவனைப் பற்றிக் கையில் இருந்தது. அந்த இடைவெளிக்குள் புகுந்து ஒரு குதிரைவீரனை அவர் உயிர்ப்பித்தார். மேசையில் ஆடுபவர் செய்வதும் இதே வேலைதான். ஆனால் கல்கி அதைச் செய்து முடித்துவிட்டார். எந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். காலியாக இருக்கும் உலகமே எனக்கு வேண்டும். அது கொட்டச்சேட்டில் இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் பாதையில் காப்பியும் மிளகும் சூழ்ந்திருக்கின்றன. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவருவதற்கு முன்பே இந்த மலையில் சாமையும் தினையும் விளைந்தன. மலையாளிப் பழங்குடியினர் வாழ்ந்தார்கள். அவர்கள் மலையேறிய கதையை 1909இல் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தம் தொகுப்பில் பதிவுசெய்திருக்கிறார். காஞ்சிபுரத்தில் இருக்கப் பிடிக்காத கரிராமன் என்ற தெய்வம் ஊரை விட்டுக் கிளம்புகிறது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் தங்கள் குடும்பங்களோடு பின்தொடர்கிறார்கள். வழியில் பிரிகிறார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு வருகிறார். நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் மஞ்சவாடிக்கும் போனதாக ஒரு வழக்கு. நடுவண்ணன் கொல்லிமலைக்கும், சின்னண்ணன் பச்சைமலைக்கும் போனதாக இன்னொன்று.

இந்த முரண்தான் மேசைக்குக் கிடைத்த செல்வம். தெய்வத்துக்கு ஏன் காஞ்சி பிடிக்காமல் போனது? எந்த இடத்தில் வழி பிரிந்தது, சண்டையா சமாதானமா? மூவரையும் யாரும் ஆடக்கூடாது என்று முதல் விதி வைப்பேன். உடன் நடந்த குடும்பங்களில்தான் ஆடுபவர்கள் இருக்க வேண்டும். தினை விதையைத் துணியில் முடிந்துகொண்ட ஒரு பாட்டி, பச்சிலை அறிந்த ஒருவர், நாயோடு முன்னால் ஓடும் சிறுவன். மஞ்சவாடிக் கணவாயில் இரவு தங்குகிறார்கள். விடிந்ததும் எந்த அண்ணனோடு போவது என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்ய வேண்டும். பகடை இல்லாமலே அரை நாள் ஓடும் காட்சி இது.

சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் குகைக்கோயிலுக்கு இன்றும் மே மாதம் கூட்டம் திரள்கிறது. இந்த மலை மக்கள் கும்பிடும் தெய்வங்கள் அவை. எதை மேசைக்குக் கொண்டுவரலாம், எதைத் தொடக்கூடாது என்பதை ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் முதலில் சொல்லட்டும். விதிகளைக் கணக்குப் பார்த்து எழுதித்தர சேலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ ஆள் வரலாம். கதையை எழுதுவதும் நடத்துவதும் மலைப் பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும். நடுவண்ணன் கொல்லிமலைக்குப் போனாரா, பச்சைமலைக்குப் போனாரா என்பதை அவர்களுடைய மேசை தீர்மானிக்கட்டும். அடுத்த ஊர் மேசையில் அது வேறாகவும் இருக்கலாம்.